நாலு கிலோ இருநூறு கிராம்

"வியாழக்கிழமை வச்சுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் தலையை ஆட்டிவிட்டான்.

அந்தத் தலையாட்டல்தான் அவளுக்கு உறுத்தியது. ஒரு சட்டை எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருகிற மனிதன் அவன். பெண்டாட்டியின் வயிற்றைக் கிழிப்பதற்கு மட்டும் கண் இமைக்காமல் சரி என்கிறான்.

ஸ்கேன் அறையிலிருந்து வந்த தாள் மேசைமேல் கிடந்தது. குழந்தையின் எடை நாலு கிலோ இருநூறு கிராம் இருக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. முப்பத்தொன்பதாவது வாரம், முதல் பிரசவம், குழந்தை பெரிசு, தோள் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு, ஆபரேஷன் செய்துவிட்டால் நிம்மதி. இவ்வளவையும் டாக்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நல்ல மனுஷி. எட்டு மாதமாக ஒவ்வொரு சந்தேகத்துக்கும் உட்கார வைத்து விளக்கம் சொன்னவர். இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே பேசினார்.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் கணவன்.

அவள் டாக்டரின் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். வரும் சனிக்கிழமையில் தொடங்கி ஒன்பது நாளுக்குச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தது. அதன்மேல் 'லீவு' என்று எழுதியிருந்தது.

அவளுக்கு வேலை வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில். மோதி நசுங்கிய வண்டிகளைப் பட்டறையில் போய்ப் பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதையும் வண்டி சொல்லும் கதையும் ஒத்துப்போகிறதா என்று கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். பத்து வருஷமாக அதைத்தான் செய்கிறாள். 'மாடு குறுக்கே வந்தது' என்று ஒருவன் சொல்வான். கதவில் பக்கத்து வீட்டுச் சுவரின் பச்சைச் சாயம் ஒட்டியிருக்கும். ஒரே கேள்வியை இரண்டு நாள் இடைவெளி விட்டு, இரண்டு பேரிடம், எதையோ பேசுகிற மாதிரிக் கேட்பாள். பட்டறைகளில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது வீட்டிலும் அதுதான் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கதவைத் திறந்தபடியே கேட்டார். "என்னைக்காம்?"

"என்னைக்கு பிரசவம்னா, அத்தை?"

"இல்ல... ஆபரேஷன் என்னைக்குன்னு..."

துருவி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். ஆபரேஷன் என்று வீட்டில் இன்னும் யாரும் சொல்லவே இல்லை. கணவன் பைக்கை நிறுத்திவிட்டு இன்னும் மாடி ஏறி வரவில்லை.

"ஆபரேஷன்னு யார் அத்தை சொன்னா?"

மாமியார் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். யாருடைய பேச்சையும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். "வயிறு பெரிசா இருக்கேம்மா, ஒரு ஊகம்தான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரம்கூட இல்லை என்பது துருவிக்குத் தெரியும். காலையில் அவள்தான் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

ஊரில் எல்லா மாமியாரும் 'நாங்கல்லாம் கத்தியா வச்சோம்' என்று மல்லுக்கட்டுவார்கள். இவர் இரண்டு பிள்ளைகளையும் சுகப்பிரசவமாகப் பெற்றவர். மருமகளுக்கு மட்டும் ஏன் கத்தியைத் தேடுகிறார்? இவர்கள் மூன்று பேரும் தனக்குத் தெரியாமல் எங்கோ உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அதை எடுத்துப் போட முடியவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கணவன் அச்சகத்துக்குக் கிளம்பியதும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் ஃபைலைக் கேட்டாள். வரவேற்பில் இருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். "எதுக்கு மேடம்? வியாழக்கிழமை இங்கதானே வரப்போறீங்க?"

"வியாழக்கிழமைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ரூம் போட்டாச்சே மேடம். சார் காலைல போன் பண்ணிச் சொல்லிட்டாரே."

ஃபைல் கைக்கு வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறி, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு ஸ்கேன் நிலையத்துக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், காற்றில் ஆடும் திரைச்சீலை, மூத்திரம் நிறைய அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலைந்து பெண்கள். தன் முறை வரும்வரை ஃபைலைப் புரட்டினாள். ரத்தம், சர்க்கரை, அழுத்தம், எல்லாம் சரி. சர்க்கரைப் பரிசோதனையை இரண்டு தடவை செய்து இரண்டு தடவையும் சரி. பிறகு ஒரு பக்கத்தின் ஓரத்தில் டாக்டரின் கையெழுத்தில் மூன்று வரி.

பன்னிரண்டாம் தேதி. கணவர் தனியாக வந்தார். அவர் அக்காவின் பிரசவம், தோள். மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்.

பன்னிரண்டாம் தேதி அவள் ஒரு லாரிப் பட்டறையில், சக்கரத்துக்கடியில் குனிய முடியாமல் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் அவன் போன் செய்து 'சாப்பிட்டியா' என்று கேட்டதுகூட ஞாபகம் இருந்தது. எங்கிருந்து கேட்டிருக்கிறான் பார்.

ஸ்கேன் எடுத்த பெண்மணி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார். "மூணு கிலோ எழுநூத்தம்பது வருதும்மா."

"நேத்து வேற இடத்துல நாலு இருநூறு சொன்னாங்க."

"இருக்கும்."

"அது எப்படிங்க இருக்கும்? ஒரு நாள்ல அரைக்கிலோ கரைஞ்சிடுச்சா?"

அவர் சிரித்தார். "இது தராசு இல்லம்மா. தலையை அளக்குறோம், வயித்தை அளக்குறோம், தொடை எலும்பை அளக்குறோம். மிச்சத்தை மெஷின் கணக்குப் போட்டு யூகம் பண்ணுது. குழந்தை பெரிசா இருந்தா கணக்கு இன்னும் தடுமாறும். அவங்க சொன்னதும் சரியா இருக்கலாம், நான் சொன்னதும் சரியா இருக்கலாம். பிறந்ததும் தராசுல வச்சாத்தான் தெரியும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்குக் குழந்தையின் எடை பெரிதாகத் தெரியவில்லை. அந்த மூன்று வரிதான் கனத்தது. கணவன் கேட்டுக்கொண்டதால் டாக்டர் எடையைக் கூட்டிச் சொல்லச் சொல்லியிருப்பாரோ? அல்லது லீவுக்குப் போவதற்குள் கையைக் கழுவப் பார்க்கிறாரா? அல்லது இரண்டுமா? 'அக்காவின் பிரசவம்' என்றால் என்ன? நாத்தனாருக்கு ஒரே மகள். ஒன்பது வயது. அவளுக்கு இடது கை தோளுக்கு மேல் தூக்க வராது. அதற்கும் இதற்கும் என்ன?

அன்று சாயங்காலம் மாமியாருடன் துணி மடிக்கும்போது கேட்டாள். "அத்தை, அண்ணி பொண்ணுக்குக் கை எப்படி அப்படி ஆச்சு?"

"தொட்டில்ல இருந்து விழுந்துட்டா. ஆறு மாசக் குழந்தை."

இரவுச் சாப்பாட்டில், கணவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவனிடமும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள்.

"மாடிப்படில உருண்டுட்டா. நடக்கப் பழகின புதுசு." சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் அம்மாவைப் பார்த்தான். மாமியார் தட்டைப் பார்த்தார்.

துருவி எழுந்து கை கழுவினாள். பட்டறையாக இருந்திருந்தால் இந்த இடத்தில் பேனாவை எடுத்திருப்பாள்.

நாத்தனார் ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவர். வீட்டின் முன்னறை முழுக்கத் துணிச் சுருள்கள். புதன்கிழமை காலை துருவி போய் நின்றபோது, அவர் தையல் மெஷினின் காலை அழுத்தியபடியே நிமிர்ந்தார். "இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு பஸ்லயா வந்தே? அவன் என்ன பண்றான்?"

"அவருக்குத் தெரியாது அண்ணி."

மெஷின் நின்றது. உள்ளறையில் ஜுரத்தால் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள்.

"அண்ணி, உங்க பிரசவத்துல என்ன நடந்துச்சு?"

நாத்தனார் கத்தரிக்கோலை எடுத்து, எதையும் வெட்டாமல் வைத்திருந்தார். பிறகு சொன்னார்.

"எனக்குச் சர்க்கரை இருந்துச்சு. நான் ஒழுங்கா மாத்திரை போடல. குழந்தை பெரிசா இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்னு கடைசி வாரம் டாக்டர் சொன்னாரு. அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. நம்ம குடும்பத்துல யாருக்கும் கத்தி வைக்கலன்னு ஒரே பிடிவாதம். எனக்கும் கத்தின்னா பயம், அதனால அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். தலை வந்துடுச்சு. தோள் மாட்டிக்கிச்சு. அங்க இருந்தவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. இழுத்தாங்க. நாலே முக்கால் கிலோ. கை நரம்பு போயிடுச்சு."

"அப்ப தொட்டில்?"

"தொட்டிலா? யார் சொன்னா?"

உள்ளிருந்து சிறுமியின் குரல் வந்தது. "பாட்டி தொட்டில்னு சொல்லும். மாமா மாடிப்படின்னு சொல்வாரு. நம்ம வீட்டுல மாடியே கிடையாது அத்தை."

நாத்தனார் சட்டென்று திரும்பினார். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"கை பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற இடத்துல சொல்லிட்டாங்க. போன வருஷமே." அவள் வந்து கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். "நீங்க யாரும் சொல்லலையா, சரி, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் சொல்லல."

நாத்தனார் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒன்பது வயதுக் கால்கள் தரையில் தொங்கின. துருவிக்கு அங்கே உட்கார்ந்திருப்பதே தப்பு போல இருந்தது. எழுந்தாள்.

"நில்லு" என்றார் நாத்தனார். "அறுத்துக்கோன்னும் நான் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரே ஒரு ஆத்தாமைதான். அன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட நான் ஒரு வார்த்தைகூடக் கேக்கல. எல்லாத்தையும் அம்மாதான் பேசினாங்க."

அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து அட்டைப்பெட்டிகள் விரித்த தாளாகச் சரசரவென்று விழுந்து அடுக்காகச் சேர்ந்தன. கணவன் அவளைப் பார்த்ததும் மை படிந்த கையோடு ஓடி வந்தான். "என்ன? வலி வந்துடுச்சா?"

"பன்னிரண்டாம் தேதி எங்க போயிருந்தீங்க?"

மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. ஆனால் முகம் மாறியதிலிருந்து கேட்டுவிட்டது என்று தெரிந்தது. மெஷினை நிறுத்தினான். திடீரென்று வந்த அமைதியில் மூலையில் அட்டை எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"உங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டுதான் வர்றேன்" என்றாள்.

அவன் ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தான். "அக்காவுக்கு நடந்தப்ப நான் வெளில வராண்டாவுல நின்னேன். எனக்கு இருபத்திரண்டு வயசு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. உன் வயிறு பெரிசாகப் பெரிசாக எனக்குத் தூக்கமே இல்லை."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ பயந்துடுவேன்னு நினைச்சேன்."

"நான் பயந்துடுவேனா? இல்ல கேள்வி கேட்பேன்னா?"

அவன் மை படிந்த கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் நீலமாகக் கோடு விழுந்தது.

"என் வயித்தைப் பத்தி ஊர்ல எல்லார்கிட்டயும் பேசியிருக்கீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கிற பொண்ணுக்குத் தெரியுது. எனக்கு மட்டும் தெரியல. மூணு நாளா உங்க மூணு பேரையும் திருடனைப் பாக்குற மாதிரிப் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு இது நல்லாவா இருக்கு?" அவள் குரல் உடைந்தது. "டாக்டர்கிட்ட எடையைக் கூட்டிச் சொல்லச் சொன்னீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல. அப்படியெல்லாம் எனக்கு யோசிக்கக்கூடத் தெரியாது துருவி."

அது உண்மை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அன்று மதியமே அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ஃபைலில் அந்த மூன்று வரியைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார். "இது என் தப்பு" என்றார். "ஸ்கேன் எடுத்தவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் அளந்த தாள் இதோ இருக்கு, பாருங்க. எடையில யாரும் கை வைக்கல. ஆனா உங்க கணவர் சொன்னதை உங்ககிட்ட மறைக்க ஒத்துக்கிட்டேன் பாருங்க, அது தப்பு."

"லீவு?"

டாக்டர் திரும்பி நாள்காட்டியைப் பார்த்தார். "என் தங்கைக்கு இருதய ஆபரேஷன். சனிக்கிழமை கிளம்பணும். அதுக்கு முன்னாடி உங்களை முடிச்சிட்டா நிம்மதின்னு நினைச்சது நிஜம்தான். வியாழக்கிழமைங்கிறது பாதி உங்களுக்காக, பாதி எனக்காக."

இப்படி ஒருவர் கேட்டவுடன் ஒப்புக்கொள்வது அவள் தொழிலில் நடக்காத காரியம். அதற்காகவே இன்னும் ஒரு நிமிஷம் சந்தேகத்தோடு அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சரி டாக்டர். இப்ப முதல்ல இருந்து சொல்லுங்க. மறைக்காம."

டாக்டர் சொன்னார். இந்த எடையில் நூறு குழந்தை பிறந்தால் ஐந்திலிருந்து பத்துக்குத் தோள் சிக்கும். தெரிந்தவர்கள் கூட இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். சிக்கியதில் சிலவற்றுக்குத்தான் கை நரம்பு அடிபடும், அதிலும் பாதிக்கு மேல் தானாகச் சரியாகும். அவளுக்குச் சர்க்கரை இல்லை, அதனால் இந்த எடைக்கு ஆபரேஷன்தான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்து கிலோ என்றால் வேறு மாதிரிப் பேசியிருப்பார். ஆபரேஷனிலும் ரத்தப்போக்கு உண்டு, சீழ் பிடிப்பது உண்டு, தையல் ஆற நாளாகும், அடுத்த பிரசவத்தையும் அது தொடும். அதில் தோள் சிக்காது என்பது மட்டும் நிச்சயம்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் ஆபரேஷன் பண்ணிப்பேன். எனக்குப் பயம் ஜாஸ்தி. என்கிட்ட வந்த உங்களை மாதிரி நிறைய பேர் வலி வரட்டும்னு காத்திருந்து நல்லபடியாப் பெத்திருக்காங்க. ரெண்டும் தப்பில்ல."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவளுக்கு முதல்முறையாக அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

"காத்திருக்கேன்" என்றாள். "ஆனா நீங்க இல்லாதப்ப யார் இருப்பாங்களோ அவங்களை நான் இப்பவே பாக்கணும். தோள் சிக்கினா என்ன செய்வாங்கன்னு அவங்க வாயால சொல்லணும். வலி நடுவுல நின்னுட்டா உடனே ஆபரேஷன், அதுல எனக்குப் பிடிவாதம் இல்ல. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேக்கணும். இவர்கிட்ட இல்ல, என் மாமியார்கிட்டயும் இல்ல."

பதிலுக்கு இருக்கப்போகிற நெட்டை டாக்டரும், பிரசவ அறையின் தலைமை நர்ஸும் வந்தார்கள். அவள் துருவித் துருவிக் கேட்டாள். தலைமை நர்ஸ் கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, எனக்கு வேலை குடுக்க நேர்காணலா நடத்துறே?" என்றார். ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். மாதத்துக்கு ஒரு முறை பொம்மையை வைத்துப் பழகுகிறார்கள் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வலி எடுத்தது. மதியம் மூன்று மணிக்குத் தலை வெளியே வந்தது. வந்த தலை கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

"தோள்" என்றார் நெட்டை டாக்டர். ஒரே ஒரு சொல்தான். தலைமை நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக நேரம் சொன்னார். இரண்டு பேர் அவள் கால்களை மடித்து வயிற்றோடு சேர்த்து அழுத்தினார்கள். "முக்காதே, நான் சொல்றப்ப முக்கு." அடிவயிற்றில் எலும்புக்கு மேல் ஒரு கை இறங்கி அழுத்தியது. கணவன் அவள் தலைமாட்டில் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தப்புப் பண்ணிவிட்டேனா, எல்லாரும் சொன்னார்களே, கேள்வி கேட்டுக் கேட்டு என் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா என்று அவளுக்கு ஓடியது. "முப்பது நொடி" என்றார் நர்ஸ். பிறகு "ஐம்பது." பிறகு, "முக்கும்மா, இப்ப!"

வந்துவிட்டான்.

அழ இரண்டு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டான். தராசு மூன்று கிலோ தொள்ளாயிரத்து எண்பது என்றது. யாரும் சொல்லாத எடை. குழந்தைகள் டாக்டர் வந்து கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்து, வலது காறை எலும்பில் லேசாக விரிசல் இருக்கிறது என்றார். நரம்புக்கு ஒன்றும் இல்லை. சட்டைக் கையை நெஞ்சோடு சேர்த்து சேஃப்டி பின் குத்தி வைத்தால் மூன்று வாரத்தில் கூடிவிடும். துருவி நம்பவில்லை. குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். மறு கையிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு முதல் கையிலேயே இன்னொரு தடவை.

மாமியார் வந்து குழந்தையைப் பார்த்தார். பின் குத்திய சட்டையைப் பார்த்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் பழகிய அந்த முகம் அப்போது உதவவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். அந்தப் பொண்ணு கையைப் பாக்குறப்பல்லாம்..." என்று தொடங்கி முடிக்க முடியவில்லை. துருவி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். நாத்தனார் சொன்னது, சிறுமி சொன்னது எல்லாவற்றையும் துருவி மெதுவாகச் சொன்னாள். "அவளுக்குத் தெரியும் அத்தை. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லாம இருக்கா. நீங்களே போய்ப் பேசுங்க."

லீவு முடிந்து வந்த டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தார். தங்கை தேறி வருகிறாளாம். எலும்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஆபரேஷனே பண்ணியிருக்கலாம்னு இப்பத் தோணுதா?" என்று கேட்டார்.

குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சில நேரம் தோணுது டாக்டர். சில நேரம் இல்ல. ரெண்டையும் பண்ணிப் பாக்க முடியாதே."

மூன்றாவது வாரம் எலும்பு கூடிவிட்டது. பின்னை எடுத்துவிட்டு, சமையலறை மேடையில் ஒரு தொட்டியை வைத்துக் குளிப்பாட்டினார்கள். கணவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான். தண்ணீர் பட்டதும் பையன் இரண்டு கைகளையும் விரித்து ஓங்கி அடித்தான். மாமியார் தொப்பலாக நனைந்தார்.

"குழந்தையை டாக்டர்கிட்ட காட்ட நாளைக்கா, வெள்ளிக்கிழமையா?" என்று துருவி கேட்டாள்.

கணவன் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, அவளைப் பார்த்தான். "உனக்கு எது தோது?" என்றான்.